வீட்டுக் குருக்கள் காலமாகிவிட்டார். திவசத்துக்கு யாரைக் கூப்பிடுவது?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறோம், சொந்த ஊர் யாழ்ப்பாணம். அப்பப்பா காலம் தொட்டு ஒரே குருக்கள் குடும்பம்தான் எங்கள் வீட்டுக் காரியங்களைச் செய்துவந்தது. அப்பா இறந்தபின் அந்தியேட்டிக் கிரியையை நடத்திய குருக்களும் அண்மையில் காலமாகிவிட்டார். அவருடைய மகன் கனடாவில். ஆட்டைத் திவசத்துக்கு (வருடத் திவசத்துக்கு) வேறு ஒருவரைக் கூப்பிட்டால் குற்றமா? மகனுக்குத் தீட்சை எடுக்கவும் அதே பரம்பரையில் ஒருவர்தான் வேண்டுமா?

பதில்: குற்றமில்லை. ஆனால் கூப்பிடுமுன் கனடாவிலிருக்கும் அந்த மகனுக்கு ஒருமுறை தொலைபேசி எடுத்துக் கதையுங்கள். ஊர் வழக்கப்படி ஒரு குருக்களின் வீடுகளுக்குள் இன்னொருவர் சொல்லாமல் நுழைவதில்லை. புதிதாக வருபவரும் "உங்களுக்கு ஆர் குருக்கள்?" என்று கேட்கக்கூடும். "அவரிட்டைச் சொல்லிட்டம்" என்று நீங்கள் சொன்னால் அவருக்கும் நிம்மதி.

பம்பலப்பிட்டிக் கோயிலில் தெரிந்த ஐயரைக் கேட்கலாம் என்று நினைப்பீர்கள். கோயில் கிரியை செய்பவர்கள் பெரும்பாலும் அபரக்கிரியைக்கு, அதாவது இறந்தவர்களுக்கான கிரியைக்கு, வருவதில்லை. அந்தியேட்டி, திவசம் செய்பவர்கள் சைவக்குருக்கள்மார், வேறு மரபு. கோயில் அலுவலகத்தில் "அபரக்கிரியைக்கு ஒருவர் வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லி விசாரியுங்கள். தட்சணையையும் முதலிலேயே பேசிவிடுங்கள். பிறகு முகம் சுளிப்பதைவிட அது மரியாதை.

உங்கள் உண்மையான இழப்பு வேறு. பழைய குருக்களின் தலைக்குள் உங்கள் குடும்பம் இருந்தது. திவசச் சங்கற்பத்தில் அப்பா, அப்பப்பா, அவருடைய அப்பா என்று மூன்று தலைமுறைப் பெயர் வரும். அவர் கேட்காமலே சொல்லியிருப்பார், புதியவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். மூன்றாவது பெயரில் பலர் தடுமாறிப்போகிறார்கள். ஊரிலுள்ள வயதான மாமிகளையும் பழைய காணி உறுதிகளையும் இன்றே பிடியுங்கள். கோத்திரம் தெரியாவிட்டால் சிவகோத்திரம் என்று சொல்லும் வழக்கம் உண்டு, அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

அப்புறம் திதி. அப்பா உயிர் பிரிந்த நேரத்தில் நின்ற திதி, அது பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), எந்தத் தமிழ் மாதம், இந்த மூன்றும் வேண்டும். ஆங்கிலத் தேதி உதவாது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் என்று நம்மிடம் இரண்டு உண்டு. திதி மாறும் நேரம் இரண்டிலும் ஒன்றாக இராது. மாலையில் ஓர் உயிர் பிரிந்தால் ஒன்றில் நவமி, மற்றதில் தசமி என்று வரலாம். பழைய குருக்கள் எதைப் பார்த்தாரோ அதையே தொடருங்கள். அந்தியேட்டி அழைப்பிதழ் இருந்தால் எடுத்துப் பாருங்கள், திதி அதில் அச்சாகியிருக்கும்.

மாடிவீடு என்றால் ஓமப் புகையைப் பற்றிக் கட்டட நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் தீ எச்சரிக்கை மணி அடித்த ஒரு திவசத்தில் நான் இருந்திருக்கிறேன்.

தீட்சை வேறு சங்கதி. திவசத்துக்கு வருபவர் கிரியையை நடத்தித் தருகிறார், தீட்சை கொடுப்பவர் உங்கள் மகனுக்குக் குருவாகிறார். குடும்பத்துக்கென்று குருபீடம் வைத்திருக்கும் சமூகங்கள் உண்டு. செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களை எழுப்பிய நகரத்தாரில் ஆண்கள் பாதரக்குடி மடத்திலும் பெண்கள் துலாவூர் மடத்திலும் உபதேசம் பெறுவது மரபு. உங்களுக்கு அப்படிக் கட்டு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. சரி, அப்படியானால் யாரிடம்? தீட்சை கொடுக்கும் தகுதி தரும் ஆசாரிய அபிஷேகம் பெற்றவரா, நித்திய அனுட்டானம் தவறாதவரா என்று பாருங்கள். இன்னாரின் மகன் என்பது எனக்கு அதற்கு அடுத்த விஷயம்தான். தீட்சையும் ஆகம அறிவும் இல்லாத அர்ச்சகர்களை ஆறுமுக நாவலர் (1822–1879) அந்தக் காலத்திலேயே கடுமையாகக் கண்டித்தார், பரம்பரையைக் காட்டி அவரிடம் தப்ப முடியவில்லை.

முதலில் சமய தீட்சை, பிறகு விசேடம், நிருவாணம் என்று படி உண்டு. சமய தீட்சை பெற்றால் தினமும் சந்தியாவந்தனமும் ஐந்தெழுத்துச் செபமும் செய்ய வேண்டிவரும். வகுப்புக்கும் கிரிக்கெட்டுக்கும் நடுவே காலையில் பத்து நிமிடம் உட்காரத் தயாரா என்று மகனிடமே கேளுங்கள். இல்லை என்றால் ஓரிரண்டு வருடம் பொறுக்கலாம். திவசம்தான் பொறுக்காது, அந்த மூன்றாவது பெயரை முதலில் தேடுங்கள்.