மாமாவின் பழைய ஸ்கோப்பைப் பழுது பார்ப்பதா, புதிதாக வாங்குவதா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு அருகே உள்ள டோங்காட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தாய்மாமா விட்டுப்போன 7×57 மவுசர் ரைபிள் அவரிடம் இருக்கிறது. அதன் மேல் கொக்கி மவுண்டில் (ஸ்கோப்பைக் கொக்கிகளால் மாட்டும் தாங்கி) ஒரு பழைய காஹ்லஸ் 4×32 ஸ்கோப், அதாவது 4 மடங்கு பெரிதாக்கும், 32 மில்லிமீட்டர் முன் லென்ஸ் உள்ள குறிநோக்கி. ஜூலையில் ஃப்ரீ ஸ்டேட்டுக்கு ஸ்பிரிங்பொக் மான் வேட்டைக்குப் போனபோது விடியற்காலையில் ஸ்கோப்புக்குள் ஆவி படர்ந்து ஒன்றுமே தெரியவில்லையாம், வெயில் ஏறியதும் தானாகத் தெளிந்துவிட்டதாம். குறுக்குக்கோடு நடுவில் இல்லாமல் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது, கண்ணாடி ஓரத்தில் நூல் நூலாக ஏதோ தெரிகிறது. கடைக்காரர் "தூக்கிப் போட்டுவிட்டு ஒரு 3-9×40 வாங்குங்க" என்கிறார். என்ன செய்யலாம்?

தூக்கிப் போட வேண்டாம், தம்பி. நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்று குறையே இல்லை, ஒன்று சுலபமாகச் சரியாகும், மூன்றாவதுதான் பழுதா புதுசா என்பதைத் தீர்மானிக்கும்.

குறுக்குக்கோட்டிலிருந்து தொடங்குகிறேன், இதைப் பார்த்துப் பயந்து நல்ல ஸ்கோப்பை விற்றுவிடுபவர்கள் அதிகம். இன்றைய ஸ்கோப்பில் திருகைத் திருப்பினால் உள்ளே பிம்பம்தான் நகரும், கோடு எப்போதும் நடுவிலேயே இருப்பது போலத் தெரியும். அந்தக் காலத்து ஐரோப்பிய ஸ்கோப்புகளில் கோடே நகரும். பலவற்றில் மேலே உயரத்துக்கு ஒரு திருகு மட்டும்தான் இருக்கும், இடம் வலம் சரிசெய்வது மவுண்டின் பின்பக்க அடித்தளத்தில். ஆக, உங்கள் கோடு ஒதுங்கி நிற்கிறது என்றால் மவுண்ட் சரியாக ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். துப்பாக்கி மெக்கானிக் அந்த அடித்தளத்தை நகர்த்தி, குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஜீரோ செய்தால் கோடு நடுவுக்கு அருகில் வந்துவிடும். அப்படியே மவுண்டின் திருகுகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். குண்டு ஒரே இடத்தில் விழாததற்கு ஸ்கோப்பைத் திட்டுகிறோம், பல நேரம் காரணம் தளர்ந்த ஒரு திருகுதான்.

அடுத்தது ஆவி. டர்பன் கரையோரத்தில் காற்றில் எவ்வளவு ஈரம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ரீ ஸ்டேட்டின் ப்ளூம்ஃபொன்டெய்ன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் கரையோரத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. மூட்டுகள் தளர்ந்த ஸ்கோப்பை மேலே கொண்டுபோனால் குழாயிலிருந்து அவ்வளவு காற்று வெளியேறும். திரும்பி வீட்டுக்கு இறங்கி வரும்போது அதே அளவு கரையோர ஈரக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு வேட்டைக்கும் இப்படி நடந்து, ஜூலை மாத உறைபனியில் அந்த ஈரம் லென்ஸின் உட்புறத்தில் படிகிறது.

சோதித்துப் பார்க்க ஸ்கோப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். எடுத்ததும் வெளியே ஆவி படரும், மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். துடைத்த பிறகும் மங்கலாகவே இருந்தால் ஈரம் உள்ளேதான். சிலர் வெந்நீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். புது ஸ்கோப்புக்கு அது சரி, உங்களுடையதை முக்கினால் தண்ணீர்தான் உள்ளே போகும். அமெரிக்காவில் லியூபோல்ட் நிறுவனம் 1940-களிலேயே, ஆவி படராதபடி ஈரமில்லாத நைட்ரஜன் வாயு அடைத்த ஸ்கோப்பைக் கொண்டுவந்துவிட்டது என்றாலும், பழைய ஐரோப்பிய ஸ்கோப்புகள் பலவற்றில் மூட்டுக்குக் கிரீசும் மெழுகும்தான் அடைப்பு. பழுது பார்ப்பவர் பிரித்து, உலர்த்தி, புது அடைப்புப் போட்டு, நைட்ரஜன் ஏற்றித் தருவார். இது பெரிய வேலை இல்லை.

சரி, இப்போது அந்த நூல். இருட்டறையில் முன் லென்ஸ் வழியாக டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பின்பக்கமிருந்து பாருங்கள். ஓரத்திலிருந்து வேர் போலக் கிளை பிரிந்து நடுவை நோக்கி வந்தால் அது பூஞ்சை. புதிதாக வந்ததென்றால் துடைத்தால் போய்விடும். பல வருடம் இருந்ததென்றால் அது விடும் அமிலம் லென்ஸின் மேல் பிரதிபலிப்பைக் குறைக்கப் போட்ட பூச்சையும் கண்ணாடியையும் அரித்திருக்கும், துடைத்த பிறகும் தடம் தெரியும். நூலுக்குப் பதிலாக வானவில் நிறத்தில் திட்டுத் திட்டாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் இரண்டு லென்ஸ்களை ஒட்டியிருக்கும் கனடா பால்சம் என்ற பசை பிரிகிறது. அதைப் பிரித்து மறுபடி ஒட்டி அச்சு பிசகாமல் உட்கார வைப்பது கைதேர்ந்தவர் வேலை, செலவும் அதிகம். பால்சம் பிரிந்திருந்தாலோ பூஞ்சை நடுப்பகுதியை அரித்திருந்தாலோ புதுசு வாங்குங்கள் என்று நானே சொல்வேன். குழாய் நசுங்கியிருந்தாலும் அப்படித்தான். ஓரத்தில் மட்டும் என்றால் தாராளமாகப் பழுது பாருங்கள்.

புது ஸ்கோப்பில் லாபமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத வெளிச்சம் போய்விடும், பத்துப் பரப்பு இருந்தால் கண்ணுக்கு வருவது மூன்றில் இரண்டு பங்குதான். ஒற்றைப் பூச்சு இருந்தால் 85 சதவீதத்துக்கு மேல் வரும், இன்றைய பல அடுக்குப் பூச்சில் 95-ஐத் தொடும். லென்ஸில் விளக்கு பிரதிபலிப்பதைப் பாருங்கள். நீலமோ ஊதாவோ தெரிந்தால் உங்களுடையதில் பூச்சு இருக்கிறது, அப்படியானால் பொழுது சாயும் நேரத்தில் சில நிமிட வித்தியாசம்தான். 40 மில்லிமீட்டர் லென்ஸ் என்பதற்காக மயங்க வேண்டாம். 32-ஐ 4-ஆல் வகுத்தால் ஸ்கோப்பிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 8 மில்லிமீட்டர், நடுவயதுக்காரர் கண்மணி இருட்டில் விரிவதே 5 அல்லது 6 மில்லிமீட்டர்தான். கடைக்காரர் சொன்ன ஸ்கோப்பை 9 மடங்கில் வைத்தால் கிடைப்பது 4.4.

இன்னொன்றையும் யோசியுங்கள். கொக்கி மவுண்டைக் கழற்றி நவீன மவுண்ட் போட வேண்டுமென்றால் பெரும்பாலும் ரிசீவரில் (ரைபிளின் இயக்கப்பகுதியைத் தாங்கும் உலோக உடல்) துளை போட வேண்டும். துளை போட்டபின் பழையபடி ஆக்க முடியாது, பழைய ரைபிளின் மதிப்பும் அதோடு இறங்கிவிடும். 150 மீட்டருக்குள் புதர்க்காட்டில் சுடுபவருக்கு 4 மடங்கு தாராளம். திறந்த வெளியில் 250, 300 மீட்டரில் ஸ்பிரிங்பொக் சுடுவதுதான் உங்கள் ஆசை என்றால் புது ஸ்கோப்பை வேறொரு ரைபிளில் போடுங்கள், மாமாவுடையதைத் தொடாதீர்கள். அதற்கும் மலிவான பெரிய ஸ்கோப்பைவிட நல்ல தயாரிப்பில் 2-7×33 போன்ற சின்னதே மேல்.

நீங்களாகப் பிரிக்க வேண்டாம். லென்ஸை எந்தப் பக்கம் வைத்தார்கள், எந்த வளையம் எத்தனை சுற்று இறங்கியிருந்தது என்பது ஒருமுறை கலைந்தால் அச்சு போய்விடும். கொக்கி மவுண்டின் அருமையே ஸ்கோப் தனியாகக் கழன்று வந்து மறுபடி அதே இடத்தில் உட்காருவதுதான், ஆகவே ரைபிளைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு ஸ்கோப்பை மட்டும் அனுப்புங்கள். அனுப்பும் முன் குறுக்குக்கோட்டு வடிவம் மாறாது என்பதையும், நைட்ரஜன் ஏற்றியபின் குளிரில் சோதித்துக் கொடுப்பார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் தோல் உறையில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சையை வளர்க்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

அப்புறம், மாமா பெயரில் இருந்த உரிமம் உங்களுக்குச் செல்லாது. 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி வாரிசு தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இன்னும் செய்யவில்லை என்றால் ஸ்கோப்புக்கு முன்னால் அதை முடித்துவிடுங்கள்.