ஆயுட்காலச் செயலாளர்?

கேள்வி: எங்கள் நகர் நலச் சங்கச் செயலாளர் 24 ஆண்டுகளாக அந்தப் பொறுப்பில் இருக்கிறார். சாலை, தெருவிளக்கு, வடிகால் எல்லாம் அவர் அலைந்து வாங்கியவை. இப்போது 76 வயது. வருகிற பொதுக்குழுவில் சங்கப் பணத்தில் ஒரு சவரன் மோதிரம் போட்டு, 'ஆயுட்காலச் செயலாளர்' என்று தீர்மானம் நிறைவேற்றி, பூங்காவுக்கும் அவர் பெயரை வைக்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. எதிர்த்துப் பேசினால் நன்றி கெட்டவன் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— பெயர் வேண்டாம், மாடம்பாக்கம்

பதில்: 76 வயது மனிதரைச் சாகும்வரை மண்டல அலுவலகப் படி ஏறச் சொல்வதற்குப் பெயர் மரியாதை என்றால், நன்றி கெட்டவர் என்ற பட்டத்தை நீங்கள் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம்.

முதலில் தீர்மானத்தைப் பார்ப்போம். உங்கள் சங்கம் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவானதாக இருந்தால், செயற்குழு உறுப்பினர் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். ஆனால் ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். 'ஆயுட்காலம்' என்று நீங்கள் கைதட்டி நிறைவேற்றினாலும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அது செல்லாது. 24 ஆண்டு என்றால் குறைந்தது எட்டுத் தேர்தல்கள் நடந்திருக்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தைப் புரட்டி எண்ணிப் பாருங்கள். நிர்வாகிகள் மாறியபோதெல்லாம் மூன்று மாதத்துக்குள் அதைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் படிவம் 7 தாக்கலாகியிருக்கிறதா, ஆண்டுக் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் போயிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். பல சங்கங்களில் இந்த இடத்தில்தான் முகம் வெளிறும். "அவரே இருக்கட்டும்" என்று டீ குடித்துக்கொண்டே முடிவு செய்த ஆண்டுகளுக்குக் காகிதம் இருக்காது. புதிய செயலாளர் வங்கிக்குப் போகும் அன்று அது தெரியவரும். பாராட்டு விழாவுக்கு முன்பே சரி செய்துவிட்டால் பழியும் பெரியவர் தலையில் விழாது.

பூங்காவுக்கு வருவோம். பெயர் வைக்க அது உங்களுடையதா? மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் பணம் கட்டவும் வழியுண்டு. அதற்கு மேல் நிலமாகத்தான் தர வேண்டும். அப்படி ஒதுக்கிய நிலம் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போய்விடும். உங்கள் பகுதி 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்ததால், பெயர் சூட்டும் அதிகாரம் இப்போது மாமன்றத்தில் இருக்கிறது. சங்கம் பலகை நட்டால் அது அனுமதியில்லாத பலகை. அடுத்த தேர்தலில் வேறு அணி வந்து பிடுங்கிப் போட்டால் அவமானம் யாருக்கு?

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தானப் பத்திரம் பதிவாகாமலே விடுபட்ட பூங்காக்கள் ஏராளம். வரைபடத்தில் பச்சை, பட்டாவில் இன்னும் மனை போட்டவர் பெயர். அவர் காலத்துக்குப் பிறகு வாரிசுகள் அதையே மனையாக்கி விற்க வருவார்கள். ஆகவே பெயர்ப்பலகைக்கு முன் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். பத்திரம் பழைய பேரூராட்சியின் பெயரில் இருந்தால் கவலை வேண்டாம். அதன் சொத்துகள் மாநகராட்சிக்குத்தான் வந்திருக்கின்றன. பட்டாவும் பெயர் மாறட்டும் என்று மனுக் கொடுங்கள். பத்திரமே இல்லையென்றால், செயலாளருக்குச் செய்ய வேண்டிய முதல் மரியாதை அதை வாங்குவதுதான். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அந்தப் பகுதிவாசிகளே வழக்குப் போட்டார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. எழுத்தில் இருந்த ஒதுக்கீடுதான் அவர்கள் கையில் இருந்த ஆயுதம். உங்கள் ஊரின் அந்த எழுத்து இன்று எங்கே இருக்கிறது? நான் ஊகிக்கிறேன்: செயலாளர் வீட்டுப் பரணில்.

மோதிரம் பற்றிச் சுருக்கமாக. பராமரிப்புக்கென்று வாங்கிய சந்தாவில் ஒருவருக்கு நகை வாங்குவதைத் தணிக்கையாளர் கேட்பார், கேட்க வேண்டும். சங்கம் வருமான வரி விலக்குப் பதிவு பெற்றிருந்தால், நிர்வாகி ஒருவருக்குச் சங்கப் பணத்தில் ஆதாயம் செய்வது அந்த விலக்கையே கேள்விக்குள்ளாக்கும். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் பெறும் அன்பளிப்பு ரொக்கம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வாங்கியவர் வரி கட்ட வேண்டும். நகைக்கும் அதே வரம்பு உண்டு. ஒரு சவரன் இன்றைய விலைக்கு அதைத் தாண்டிவிடும். மோதிரம் போட்டே தீருவோம் என்பவர்கள் தனி ரசீதில், விருப்பமுள்ளவர்களிடம் மட்டும் வசூலித்து, பாக்கியையும் கணக்கையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும்.

இனி, செய்ய வேண்டியது. அவரை இறக்கிவிடுங்கள். அவசரமாக வேண்டாம், 90 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். தேர்தல் நடந்து புதியவர் வந்ததும் படிவம் 7-க்கு உள்ள கெடுவும் அதுதான் என்பதால் இரண்டும் சேர்ந்து நடக்கும். இந்தக் காலத்தில் அவர் வீட்டிலிருந்து சங்கம் வெளியே வர வேண்டும். பதிவுச் சான்று, பைலாவின் (சங்க விதிகளின்) சான்றிட்ட நகல், அங்கீகார எண்ணோடு கூடிய மனைப்பிரிவு வரைபடம், தானப் பத்திரங்கள், தீர்மானப் புத்தகங்கள், ரசீதுக் கட்டுகள், கொடுத்த மனுக்களும் அவற்றின் ஒப்புகைகளும் என்று ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, பழைய, புதிய செயலாளர்கள் இருவரும் கையெழுத்திட்டு, மூன்று பிரதி எடுங்கள். ஒன்று பெரியவருக்கு. நாளை "கோப்பு காணோம்" என்று யாராவது கிளப்பினால் அவருக்கு அதுதான் காப்பு.

தகவல் உரிமைச் சட்ட மனுக்களைத் தனியாகப் பாருங்கள். அந்த உரிமை குடிமகனுக்குத் தரப்பட்டது என்பதால் சங்கத்தின் பெயரில் போட்டால் பல அலுவலகங்கள் திருப்பிவிடும். எனவே 10 ரூபாய் கட்டி அவர் தன் சொந்தப் பெயரில், தன் வீட்டு முகவரிக்குத்தான் பதில் வாங்கியிருப்பார். சட்டப்படி அவை அவருடைய கடிதங்கள். அவரே நகல் எடுத்துத் தந்தால்தான் சங்கத்துக்கு அவை சுலபமாகக் கிடைக்கும். முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், இரண்டாவதுக்கு 90 நாள் என்று கெடு ஓடிக்கொண்டிருக்கும் மனு ஏதாவது உண்டா என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். நீதிமன்ற வழக்கில் அவர் பெயர் இருந்தால் வழக்கறிஞருக்கும் எழுதிச் சொல்ல வேண்டும்.

அடுத்த சிக்கல் அவருடைய கைபேசி எண். வங்கி ஓ.டி.பி., மாநகராட்சிப் புகார்க் கணக்கு, பொது மோட்டாரின் மின் இணைப்பு, சங்கத்தின் மின்னஞ்சல், வாட்ஸ்அப் குழு எல்லாம் அந்த ஒரே எண்ணில் தொங்கும். மின் இணைப்பே அவர் பெயரில் இருப்பதும் உண்டு; முன்பு யாரோ ஒருவர் பெயரில் வாங்கினால்தான் வேலை நடந்தது. பெயர் மாற்றத்துக்கு அவர் கையெழுத்து வேண்டும். அவர் இருக்கும்போது ஒரு கையெழுத்து. அவருக்குப் பிறகு வாரிசுச் சான்று. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் 76 வயதில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

காகிதத்தில் இல்லாததை எடுக்கத்தான் மெனக்கெட வேண்டும். மனைப்பிரிவு வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு, காலை வெயில் ஏறுவதற்கு முன் அவரோடு தெருத் தெருவாக நடங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தெரு, முக்கால் மணி நேரம் போதும். நாற்காலி ஒன்றைக் கூடவே கொண்டுபோங்கள். குடிநீர் வால்வு எந்த வீட்டு வாசலடியில் புதைந்திருக்கிறது, எந்தச் சிறுபாலம் சாலை உயர்ந்தபோது மூடிப்போனது, மழைநீர் முன்பு எந்தக் காலி மனை வழியாக ஏரிக்குப் போனது, அந்த மனையில் யார் எப்போது சுவர் எழுப்பினார், 2015 டிசம்பர் வெள்ளம் எந்த வீட்டில் எத்தனையாவது படி வரை ஏறியது என்று அவர் சொல்லச் சொல்ல வரைபடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். படி எண்ணிக்கையை அடிக்கணக்காக மாற்றி எழுத வேண்டும், ஏனென்றால் வீட்டை உயர்த்திக் கட்டினால் படி மாறிவிடும். வடிகால் டெண்டர் வரும்போது தண்ணீர் எந்தப் பக்கம் சரிந்து ஓடும் என்று ஒப்பந்ததாரர் நீட்டும் வாட்டக் கணக்கை எதிர்த்துப் பேச இந்தத் தாள்தான் இருக்கும். அவர் சொல்லும் நில எல்லைகளை மட்டும் அப்படியே நம்பாமல் புலப்படத்தோடு (அரசின் நில அளவை வரைபடத்தோடு) ஒப்பிடுங்கள். நினைவு தனக்குச் சாதகமாக இரண்டடி நகரும், நல்லவர்களுக்கும்.

பைலாவைத் திருத்தி 'கௌரவ ஆலோசகர்' என்ற இடம் தரலாம். 21 நாள் முன்னறிவிப்பு, வந்து வாக்களிப்போரில் முக்கால்வாசி ஆதரவு, பிறகு பதிவு என்று வழி இருக்கிறது. வாக்குரிமை இல்லை, காசோலைக் கையெழுத்து இல்லை, இரண்டு ஆண்டு என்று எழுதிவிடுங்கள். எல்லை எழுதாமல் கொடுத்த ஆலோசகர் பதவியில்தான் புதிய செயலாளர்கள் ஆறே மாதத்தில் ராஜினாமா செய்கிறார்கள். யாரிடம் கேட்டாலும் "ஐயாவிடம் ஒரு வார்த்தை" என்ற பதில் வரும். அப்படிப்பட்ட செயலாளர் பதவிக்கு யார் நிற்பார்?

விழாவைத் தேர்தல் முடிந்த பிறகு வையுங்கள். முன்னால் வைத்தால் அது பிரசாரம். அவரே மறுபடி நிற்கிறார் என்றால் விழாவே வேண்டாம். பிரமுகரைக் கூப்பிட்டால் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டிவரும், அதற்குள் கூட்டம் கலையும். நுழைவாயிலில் பிளக்ஸ் வேண்டாம். 2019-இல் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஒரு இளம் பெண் உயிர் போனது உங்களுக்குப் பக்கத்தில்தானே. மூன்று பேர், ஆளுக்கு மூன்று நிமிடம். பாராட்டு மடலில் 'சேவைச் செம்மல்', 'தன்னலமற்ற தியாகி' எல்லாம் அடித்துவிட்டு, எந்தத் தெருவுக்கு எந்த ஆண்டு எத்தனை மனுவில் விளக்கு வந்தது என்று எழுதுங்கள். தீர்மானப் புத்தகத்தை எண்ணச் சொன்னேனே, அந்த வேலை இங்கேயும் பயன்படும். எண்ணும்போது பொருளாளர் ஒருவர் பெயரும் எட்டுப் பத்து ஆண்டுகளுக்குத் தொடர்ந்து வரும். அவரை யாரும் மேடையில் நினைப்பதில்லை, அழையுங்கள். செயலாளரின் மனைவியையும் அழையுங்கள். தண்ணீர் லாரி வரவில்லை என்று விடிகாலை ஐந்து மணிக்குக் கதவைத் தட்டியவர்களுக்கு 24 ஆண்டாகப் பதில் சொன்னது பெரும்பாலும் அந்த அம்மாதான் என்று பந்தயம் கட்டுவேன்.

மாலை சின்னதாக இருக்கட்டும். ஆளுயர ரோஜா மாலை ஐந்து கிலோ கனக்கும். 76 வயதுக் கழுத்து அது.