யாருடைய சோறும் வேண்டாமா?

வணக்கம் ஐயா,

எனக்கு ஊர் களுவாஞ்சிகுடி, வேலை கொழும்பில். வயது 27. ஸ்பெயினில் சந்தியாகோ யாத்திரைப் பாதையைக் குளிர்காலத்தில் ஒருவர் தன்னந்தனியே நடந்து முடித்த காணொளியைப் பார்த்ததில் இருந்து மனசு ஓரிடத்தில் இல்லை. வருகிற மார்கழியில் ஊரில் இருந்து கதிர்காமத்துக்குக் கரைவழியாகத் தனியே நடக்கப்போகிறேன். ஆடி மாத உற்சவக் கூட்டமும் சத்தமும் எனக்கு ஒத்துவராது. கூடாரம், அடுப்பு, உலர் உணவு எல்லாம் நானே சுமப்பேன். யாரிடமும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்காமல் போய்ச்சேர வேண்டும். யானை வந்தால் என்ன செய்வது? எந்தச் சப்பாத்து நல்லது? நீங்கள் நடந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ர.

அன்புள்ள தம்பி,

முதலில் நடக்காத காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் நீங்கள் காட்டின் வாசலில் இருக்கிற உகந்தை முருகன் கோயில் வரைக்கும்தான் போகலாம், அதுவும் வெள்ளம் வீதியை விட்டுவைத்தால். அதற்கு அங்கால் குமண, அப்புறம் யால. இரண்டும் தேசிய வனம். கால்நடையாக உள்ளே விடமாட்டார்கள். கதிர்காமத்து ஆடி உற்சவத்தை ஒட்டி அதிகாரிகள் கூடிப் பேசி நாள் குறித்து, கொஞ்ச நாளைக்கு மட்டும் காட்டுப்பாதையைத் திறப்பார்கள். மூடினால் மூடினதுதான். களவாகப் போய்விடலாம் என்று யாராவது சொன்னால், அவர் இரண்டு வனத்துக்கும் நடுவில் ஓடுகிற கும்புக்கன் ஆற்றை மாரியில் பார்க்காதவர். ஆடியில் வேட்டியை மடித்துக்கொண்டு கடக்கிற ஆறு, மார்கழியில் மரத்தை வேரோடு கொண்டுவரும்.

யானை வந்தால் நீங்கள் என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். அந்த நேரத்தில் செய்யப்போவது யானைதான், விடுங்கள். சப்பாத்து எதையாவது போடுங்கள். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் வெறுங்கால், மீதிப்பேர் பாட்டாச் செருப்பு.

அந்தக் காணொளியில் இதைச் சொன்னார்களோ தெரியாது: பிரான்சில் இருந்து பிரெனீஸ் மலையேறி ஸ்பெயினுக்குள் இறங்கும் அந்த மலைப்பாதையை நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை சட்டம் போட்டே மூடிவைக்கிறார்கள். குளிர்காலத்தில் நடக்கிறவர்கள் கீழே பள்ளத்தாக்கு வீதியால்தான் போக வேண்டும். பிறகு, அந்த மனிதர் தனியே நடந்தார் என்கிறீர்கள். வழி நெடுக இருக்கிற மஞ்சள் அம்புக்குறிகளை யார் தீட்டியது? எலியாஸ் வலீன்யா என்ற கிராமத்துப் பாதிரியார் 1984இல் தொடங்கிவைத்த வேலை அது. பல மடங்கள் பூட்டிக்கிடக்கிற குளிர்காலத்திலும் இரவில் அவருக்கு யாரோ ஒருவர் கதவு திறந்திருப்பார். காணொளியில் அந்த ஆளைக் காட்டியிருக்க மாட்டார்கள்.

சரி, என்னை உறுத்தியது உங்கள் கடிதத்தில் ஒரேயொரு வரி. யாரிடமும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்காமல். போன உற்சவத்திலும் பார்த்தேன், அன்னதானப் பந்தலைத் திரும்பியும் பார்க்காமல், முதுகில் பெரிய பையோடு போகிற பிள்ளைகளை. அன்றில் இருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் அம்மம்மாவின் வீடு தம்பிலுவிலில், பிரதான வீதியோரம். போருக்கு முந்திய காலம். பெரும்போகம் வெட்டி நெல் வீட்டுக்கு வந்து, கச்சான் காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கினால், படலையடியில் தண்ணீர்ப் பானை வைத்துவிடுவா. வெருகல், சித்தாண்டி, மாமாங்கம், மண்டூர் என்று கோயில் கோயிலாகத் தங்கிக் கதிர்காமத்துக்கு நடந்து வருகிற சாமிமார் எங்கள் வீட்டு வாசலால்தான் திருக்கோவிலுக்குப் போவார்கள். சோறு, பூசணிக்காய்க் கறி, மோர். பசி இல்லை என்றாலும் விடமாட்டா.

ஒருநாள் கொழும்புப் பக்கத்து ஐயா ஒருவர் வந்தார். தோளில் கன்வஸ் பை, அதற்குள் பிஸ்கட். நிழலுக்குத் திண்ணையில் இருந்தவர், சோறு வேண்டாம், யாருக்கும் கரைச்சல் கொடுக்காமல் போவது தன்னுடைய நேர்த்தி என்றார். அம்மம்மா அகப்பையைக் கீழே வைக்கவில்லை. “கரைச்சல் குடுக்கத்தானே மனே நீ வந்தது? இல்லாட்டி வீட்டிலயே இருந்திருக்கலாமே” என்றா. மனிதர் எழும்பிப் போய்விட்டார். மற்றச் சாமிமாரைக் காலில் விழுந்து கும்பிடுகிறவ, இவரை மட்டும் பொழுதுபடும் வரை திட்டினா.

அப்போது எனக்கு அது சிரிப்பு. அம்மம்மாவுக்கு முழங்கால் வருத்தம். படலையைத் தாண்டி நடக்க ஏலாது. அவ ஆக்கிய சோறுதான் அவவுக்காகக் கதிர்காமம் போனது. அதைச் சாப்பிட மறுத்த ஐயா, தன் வைராக்கியத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்டு அவவின் யாத்திரையைத் திண்ணையோடு நிறுத்திவிட்டுப் போனார். எடுத்துக்கொள்ளத் தெரியாதவன் எத்தனை மைல் நடந்தாலும் அதை உடற்பயிற்சி என்றுதான் சொல்வேன். கோபிக்க வேண்டாம்.

இன்னுமொன்று. போர்க்காலத்தில் இந்தக் கரையில் யார் யாரை எந்தச் சந்தியில் மறித்தார்கள், எந்த ஊரைத் தாண்ட எந்த ஊர் பயந்தது என்பதெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கிற வயதில்லை. அப்படிப்பட்ட வீதியில், பொத்துவிலில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலை நீட்டுகிறார். பாணமையில் ஒரு சிங்களத் தாய் பிளேன்ரீ ஊற்றி வைத்துக்கொண்டு பார்த்துநிற்கிறா. எந்தச் சமாதானக் கூட்டத்திலும் நான் இதைக் கண்டதில்லை. நீங்கள் முதுகுப் பையில் இருந்து ஒரு குழாயை இழுத்து உறிஞ்சிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போகப்போகிறீர்களாக்கும்.

அதுவும் மார்கழியில். அப்போது வயலில் பயிர் நிற்கும், வீட்டில் போன போகத்து நெல் அடிமட்டத்தில் கிடக்கும். 2011 ஜனவரி வெள்ளம் போல ஒன்று வந்தால், சோறு போடுகிற சனமே பள்ளிக்கூடங்களில் போய் இருக்கும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, மார்கழியில் கடற்கரையில் ஒரு பிள்ளை தனியே படுத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டால் இந்த ஊர்களில் ஒருவருக்கும் நித்திரை வராது. நீங்கள் வெள்ளத்துக்குள் மாட்டிக்கொண்டால் உழவு மெசினில் தேடி வரப்போவதும் நீங்கள் தண்ணீர் கேட்க விரும்பாத அதே ஆட்கள்தான்.

கூட்டம் ஒத்துவராது என்றதை நான் குறைசொல்லவில்லை. ஒலிபெருக்கி எனக்கும் ஆகாது. ஆனால் உகந்தை தாண்டிக் காட்டுக்குள் இறங்கியதும் கூட்டம் தானாகச் சிதறிவிடும். விடியப்புறத்தில் முன்னால் போகிறவரின் முதுகு மட்டும் தெரியும். காட்டுக்குள் தங்குமிடமான நாவலடி வரும்வரை ஒருவரும் வாய்திறக்காமல் நடக்கிற நேரங்களும் உண்டு. நீங்கள் தேடுகிற தனிமை அங்கே வேண்டியமட்டும் கிடைக்கும். 27 வயதில் ஒருவருக்கும் கடன்படாமல் நடந்து முடிக்க வேண்டும் என்று தோன்றுகிற அளவுக்கு உங்களுக்கு என்ன நடந்ததோ, அதை நான் கேட்கவில்லை. எழுத வேண்டும் போலிருந்தால் தனியே எழுதுங்கள்.

மார்கழிக்கு லீவு போட்டாயிற்று என்றால் வீணாக்க வேண்டாம். கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று என்று பிரதான வீதியாலேயே திருக்கோவில் வரை நடங்கள். மழை பிடித்தால் பஸ் இருக்கிறது. திருவெம்பாவைக் காலம், விடியப்புறப் பூசைக்குப் பிறகு கோயிலில் எதைக் கொடுத்தாலும் வாங்கிச் சாப்பிடுங்கள். ஆனியில் காட்டுப்பாதை திறக்கும் நாள் தெரிந்ததும் எனக்கு அறிவியுங்கள். தம்பிலுவிலில் இருந்து வருடாவருடம் போகிற பெண்கள் குழு ஒன்று இருக்கிறது. எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். அரிசியும் சட்டிபானையும் தூக்க ஓர் இளவட்டம் கிடைக்காதா என்று என்னிடம் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். உங்கள் பெயரைக் கொடுக்கப்போகிறேன்.