மாவு சம்பாதிக்கிறது, மீதி 13 பொருள்கள் தின்கின்றன

கேள்வி: அம்பத்தூர் பக்கம் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து, தினமும் 120 கிலோ கடைகளுக்குப் போடுகிறேன். கூடவே சப்பாத்தி, பாதி வெந்த பரோட்டா, சிறுதானிய மிக்ஸ், வத்தல், ஜூஸ் என்று இப்போது 14 பொருள்கள். வியாபாரம் நடக்கிறது, ஆனால் கையில் காசு நிற்கவில்லை. தினமும் தவணை கட்டுகிற தண்டல் கடன் மூன்று ஓடுகிறது. கணவரின் தம்பி, பிராஞ்சைஸ் டீக்கடை எடுக்கலாம், 6 லட்சம் ஆகும், என் நகையை வைத்தால் போதும் என்கிறார். வைக்கலாமா?

பதில்: டீக்கடைக்காக வைக்க வேண்டாம். ஆனால் உங்கள் பிரச்சினை டீக்கடை அல்ல. புதிதாக ஒரு பொருள் சேர்க்கும்போதெல்லாம் அதற்கென்று ஒரு தண்டல் எடுக்கிறீர்களே, அந்தப் பழக்கம்தான்.

நீங்கள் அனுப்பிய கணக்கையே பார்ப்போம். 1 கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து போட்டால் சுமார் 2.8 கிலோ மாவு வருகிறது. அரிசி 42, உளுந்து 120 என்றால் கவர், கரன்ட் எல்லாம் சேர்த்து மாவு கிலோவுக்கு 30 ரூபாய் அடக்கம். கடைகளுக்கு 40க்குப் போடுகிறீர்கள். 120 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1,200, மாதம் 36,000. உதவிக்கு வருகிற அம்மாவுக்கு 12,000 போக 24,000 மிச்சம். அருமையான தொழில்.

இனி மற்ற 13 பொருள்கள். எல்லாம் சேர்ந்து மாதம் 9,000 லாபம் என்று எழுதியிருக்கிறீர்கள். விற்காமல் திரும்பி வருவது 3,500, பிரீசருக்குக் கரன்ட் 2,000. அப்புறம் தண்டல். லட்சத்துக்குப் பத்தாயிரம் பிடித்துக்கொண்டு 90,000 தருகிறார்கள், தினம் ஆயிரமாக 100 நாள் கட்டுகிறீர்கள். இதைப் பத்து சதவீத வட்டி என்று நினைப்பதுதான் தப்பு. தினமும் அசல் குறைவதால் சராசரியாக உங்கள் கையில் இருப்பது 45,000தான். அதற்கு 100 நாளில் 10,000 என்றால் ஆண்டுக்கு 80 சதவீதத்தைத் தாண்டுகிறது. மூன்று தண்டலுக்கும் மாதம் 9,000. ஆக, இந்தப் 13 பொருள்களால் மாதாமாதம் 5,500 நஷ்டம். மாவு சம்பாதிப்பதை அவை தின்கின்றன.

அதோடு தினமும் 3,000 கட்ட வேண்டியிருப்பதால் அரிசிக் கடையில் கடன் சொல்கிறீர்கள், கடைக்காரர் கிலோவுக்கு 2 ரூபாய் கூடுதலாக வைக்கிறார். தினம் 43 கிலோ அரிசிக்கு அதுவே மாதம் 2,500க்கு மேல். இதை நீங்கள் கணக்கிலேயே எழுதவில்லை.

எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது? உங்கள் கிரைண்டரிலும் மிக்சியிலும் ஆகிற பொருளா, மாவு வாங்குகிறவரே அதையும் வாங்குவாரா, ஒரு வாரம் விற்காவிட்டாலும் கெடாதா என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து இட்லிப் பொடி ஒன்றுதான் தேறும். மாவு, பொடி, இரண்டே போதும். மாவிலும் ஒரு கிலோ, அரைக் கிலோ தவிர வேறு அளவு வேண்டாம். புளித்துத் திரும்பி வருகிற பாக்கெட்டைக் கடைவாரியாக எழுதுங்கள்; ஒரே கடையிலிருந்து வாரத்துக்கு மூன்றுக்கு மேல் வந்தால் மறுநாளே அங்கே போடுவதைக் குறையுங்கள். சித்திரை, வைகாசியில் ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள், புளிக்க விடும் நேரத்தையும் குறையுங்கள். கவனம் இங்கே இருந்தால் 120 கிலோ 150 ஆகும்.

தண்டல் பாக்கி 75,000, 55,000, 35,000, மொத்தம் 1,65,000. நகையை வைத்து ஒரே மூச்சில் அடைக்கத் தோன்றும். அவசரப்படாதீர்கள். வட்டியை முதலிலேயே பிடித்துவிட்டதால், முன்கூட்டிக் கட்டினால் பொதுவாக அதில் எதையும் தள்ளுபடி செய்வதில்லை. கேட்டுப் பாருங்கள், தள்ளுபடி தந்தால் அடையுங்கள், இல்லாவிட்டால் தவணைப்படி கட்டுங்கள். தினம் 3,000 வீதம் முதல் 35 நாளுக்கு 1,05,000 வேண்டும்; அதோடு ஒரு தண்டல் முடிந்துவிடும். கையிருப்புச் சரக்கை அடக்கத்துக்குக் கீழே தள்ளினாலும் 25,000, பிரீசரை விற்றால் 15,000 தேறும் என்று வைத்தால், மீதி 65,000க்கு மட்டும் வங்கியில் நகைக்கடன் எடுங்கள். அடுத்த 40 நாளில் மற்ற இரண்டையும் முடிக்க இன்னொரு 60,000. பத்து சதவீத வட்டி என்றாலும் 1,25,000க்கு மாதம் ஆயிரத்துச் சொச்சம்தான். அசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாமா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். வட்டியோடு மாதம் 10,000 கட்டினால் 14 மாதத்துக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும். இடையில் ஒரு தண்டல் புதுப்பித்தாலும் இந்தக் கணக்கு செல்லாது. "பழைய பாக்கியைக் கழித்துக்கொண்டு புதுசு தருகிறேன்" என்று வசூலுக்கு வருகிறவரே கேட்பார்.

பணம் வாங்க நீங்கள் வைத்திருக்கிற மூன்று க்யூஆர் அட்டையில் ஒன்றை மட்டும் வையுங்கள். இல்லாவிட்டால் எந்தப் பணம் எதற்கு வந்தது என்று உங்களுக்கே தெரியாது. ஜிஎஸ்டிக்காக என்று 18,000 ரூபாய் பில்லிங் சாப்ட்வேர் வாங்கத் தேவையில்லை. மாவு விற்பனை ஆண்டுக்கு 17 லட்சத்து சொச்சம். தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு 40 லட்சத்துக்கு மேல்தான் கட்டாயம்.

டீக்கடைக்கு வருவோம். வாடகை 15,000, இரண்டு ஆள் 30,000, கரன்ட் 4,000, 6 லட்சத்துக்கு வட்டி 5,000 என்று குறைவாகவே போட்டாலும் மாதம் 54,000. பிராஞ்சைஸ் கம்பெனிக்குக் கட்டுகிற ராயல்டி போக ஒரு டீயில் 6 ரூபாய் நின்றால், தினம் 300 டீ விற்ற பிறகுதான் உங்களுக்கு முதல் ரூபாய். விடியற்காலையில் மாவு போட்டுவிட்டு அங்கே யார் நிற்பது? கொழுந்தனாரிடம் மறுப்பது சங்கடம்தான். தண்டலுக்காக நகைக்கடன் எடுத்த பிறகு, நகை ஏற்கெனவே வங்கியில் இருக்கிறது என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட.