எவ்வளவு நேரம் ஆகும் என்று அம்மா கேட்டது

கேள்வி: மெல்போர்னில் வசிக்கிறேன். வயது 42. கும்பகோணத்திலிருந்து அப்பாவும் (74) அம்மாவும் (68) மூன்று மாத விசாவில் வந்திருக்கிறார்கள். ஜூலை மாதப் பள்ளி விடுமுறையில், ஆறு பேர் படுக்கக்கூடிய மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) ஒன்றைக் கெய்ர்ன்ஸில் வாடகைக்கு எடுத்து, பத்து நாள் வட குவீன்ஸ்லாந்துக் கடற்கரையைச் சுற்றிக் காட்டினேன். போர்ட் டக்ளஸ், டெயின்ட்ரீ மழைக்காடு, கேப் டிரிபுலேஷன், மிஷன் பீச் என்று எல்லாம் பார்த்தோம். செலவு கொஞ்சமல்ல. ஆனால் அம்மா ஒரு நாள்கூட முகம் மலரவில்லை. எங்கே போனாலும் "எவ்வளவு நேரம் ஆகும்?" என்ற ஒரே கேள்வி. காட்டுக்குள் மரநடைபாதையில் நடக்க வர மறுத்துவிட்டார். இம்மாதிரி வண்டிகளை இரவில் நிறுத்தும், பொதுக் கழிப்பறை உள்ள கேரவன் பார்க்குக்குள் நுழைந்தால் மட்டும் முதல் ஆளாக இறங்குவார். என் மனைவி சமைத்ததையும் சரியாகச் சாப்பிடவில்லை. மற்றபடி தொந்தரவு எதுவும் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வண்டியிலுள்ள கழிப்பறை அவசரத்துக்கு மட்டும்தான், கழிவுப் பெட்டியை நான்தான் காலி செய்ய வேண்டியிருக்கிறது என்று முதல் நாளே எல்லாருக்கும் சொல்லியிருந்தேன். பிள்ளைகள் கேட்கவில்லை. அம்மா ஒரு முறைகூட அதைப் பயன்படுத்தவில்லை. மெல்போர்ன் திரும்பியதும் டிக்கெட்டை முன்கூட்டியே மாற்றித் தரச் சொல்கிறார். என் மனைவி மனம் நொந்து போயிருக்கிறாள். இவ்வளவு செய்தும் பெற்றோரை மகிழ்விக்க முடியவில்லையே, நாங்கள் என்ன தவறு செய்தோம்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

தம்பி, நீங்கள் எழுதியது எட்டுப் பக்கம். மேலே இருப்பது நான் சுருக்கியது. மிஷன் பீச் அருகே சாலையைக் கடந்த காசோவரிப் பறவைக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் கொடுத்திருந்தீர்கள். ஆள் உயரம், நீலக் கழுத்து, தலையில் கொண்டை போல ஓர் எலும்பு மகுடம். நன்றாகத்தான் எழுதியிருந்தீர்கள், இருந்தும் வெட்டிவிட்டேன். வெட்ட மனம் வராதது அந்தக் கழிப்பறை வரி. அம்மாவின் நல்ல குணத்துக்குச் சான்றாக அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டீர்கள். நான் போகவில்லை. திரும்பி முதல் பக்கத்துக்கு வந்து மறுபடி படித்தேன்.

பத்து நாள். 68 வயதுப் பெண்மணி. படுத்திருக்கும் இடத்திலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் கழிப்பறைக் கதவு. ஒரு முறைகூட அது திறக்கவில்லை. இதை வாசிக்கும் எந்தப் பெண்ணுக்கும், 40 வயதைத் தாண்டியவள் என்றால் நிச்சயமாக, அடிவயிறு ஒரு கணம் இறுகியிருக்கும். உங்களுக்குப் பெருமையாக இருந்திருக்கிறது.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அவர் கேட்டதை, ஊர் பார்க்கப் பிடிக்காதவரின் சலிப்பு என்று எடுத்துக்கொண்டீர்கள். அடுத்த கழிப்பறைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டிருக்கிறார், தம்பி. மகனிடம், மருமகளின் எதிரில், பேரப் பிள்ளைகளின் காதில் விழும்படி அதற்கு மேல் எப்படிக் கேட்பார்? மரநடைபாதைக்கு ஏன் வரவில்லை? நடந்தால் தாங்காது என்பதால். கேரவன் பார்க்கில் ஏன் முதல் ஆளாக இறங்கினார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டெயின்ட்ரீ ஆற்றைக் கடக்கப் பாலம் கிடையாது. இரும்பு வடத்தில் இழுபட்டுப் போகும் படகு ஒன்றுதான். விடுமுறைக் காலமாதலால் அங்கே வரிசையில் ஒரு மணி நேரம் நின்றோம், அம்மா காரணமில்லாமல் பேத்தியிடம் எரிந்து விழுந்தார் என்று ஐந்தாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். காரணமில்லாமலா? அடுத்த வரியிலேயே, அதே பேத்தி "பாட்டி ஏன் தண்ணீரே குடிக்க மாட்டேன் என்கிறார்?" என்று கேட்டதையும் எழுதி, குழந்தையின் பேச்சு என்று சிரித்துக் கடந்திருக்கிறீர்கள். வண்டியில் இருந்த ஆறு பேரில் அந்தப் பெண் குழந்தை ஒருத்திதான் பாட்டியைப் பார்த்திருக்கிறாள். வயது எட்டு.

ஜூலை அங்கே குளிர்காலம் என்பது மெல்போர்ன்காரர்களுக்குச் சொல்லும் கதை. கெய்ர்ன்ஸ் பகுதியில் அப்போதும் பகலில் 25, 26 டிகிரி அடிக்கும், காற்றில் ஈரம் இருக்கும். அதில் ஒரு முதியவர் பத்து நாளும் நாக்கை நனைக்கும் அளவுக்கு மட்டும் குடித்திருக்கிறார். சாப்பாடு இறங்காததற்கு உங்கள் மனைவியின் சமையல் காரணமில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். உண்டால் தாகம் எடுக்கும், தாகத்துக்குக் குடித்தால் போக வேண்டிவரும். இந்தக் கணக்கு நம் வீட்டுப் பெண்களுக்கு மனப்பாடம். என் மாமியார் வெளியூர்க் கல்யாணத்துக்கு பஸ் ஏற வேண்டும் என்றால் முதல் நாள் மாலையே தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்து வைத்துவிடுவார். எட்டு மணி நேரப் பயணத்தில் பஸ் இரண்டு இடத்தில் நிற்கும். ஆண்கள் இறங்கிப் புளியமரத்தடிக்குப் போவார்கள். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். அந்தக் காலத்து நெடுஞ்சாலையில் வேறு வழியில்லை. உங்கள் வண்டியில் வழி இருந்தது. அதைப் பூட்டியவர் நீங்கள்.

இனி அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசுவோம். உங்கள் விதி நீங்கள் கண்டுபிடித்ததல்ல என்பது எனக்குத் தெரியும். இந்த மாதிரி வண்டி எடுக்கும் குடும்பங்கள் பலவற்றில் இதே விதிதான். கேசட் என்று அதற்குப் பெயர். பெரும்பாலும் 20 லிட்டருக்குக் கொஞ்சம் முன்பின் கொள்ளும். வண்டியின் வெளிப்பக்கம் ஒரு சிறு கதவு. திறந்து, பெட்டியை உருவி, மூடியோடு தள்ளிக்கொண்டு போய், கேரவன் பார்க்கில் அதற்கென்று இருக்கும் குழியில் கவிழ்த்து, குழாய்த் தண்ணீரில் அலசி, மருந்து நீரை ஊற்றி, மீண்டும் செருக வேண்டும். கையுறை போட்டுக்கொண்டால் பத்து நிமிட வேலை. ஆறு பேரும் தாராளமாகப் பயன்படுத்தினால் நாளுக்கு ஒரு முறை செய்ய வேண்டியிருக்கும். விதி போட்டதால் எத்தனை நாளுக்கு ஒரு முறை செய்தீர்கள்? இரண்டா, மூன்றா? ஆக, பத்து நாளில் உங்களுக்கு மிச்சமானது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்கு அம்மா என்ன விலை கொடுத்தார் என்று பாருங்கள்.

குழந்தையாக இருந்தபோது உங்களுக்கு அவர் செய்ததையெல்லாம் நினைவூட்டப் போவதில்லை. அது எல்லாத் தாயும் செய்வது, அதற்குக் கடன் பத்திரம் கிடையாது. என் கோபம் வேறு. பிள்ளைகள் விதியை மீறினார்கள் என்கிறீர்கள், அவர்களுக்காகப் பெட்டியைத் தூக்கியும் இருக்கிறீர்கள். முணுமுணுத்திருப்பீர்கள், அவ்வளவுதான். ஒரு வீட்டில் எந்த விதியும் எல்லார் மீதும் ஒரே கனத்தில் விழுவதில்லை. கூச்சப்படுகிறவர் மீதுதான் முழுவதும் விழும். இது தெரியாமல் குடும்பத் தலைவன் நாற்காலியில் உட்காரக்கூடாது.

படுக்கையைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். ஓட்டுநருக்கு மேலே உள்ள பரண் பிள்ளைகளுக்கு, பின்னால் உள்ள பெரிய கட்டில் உங்கள் இருவருக்கும், நடுவில் சாப்பாட்டு மேஜையை மடக்கிப் போடும் படுக்கை அப்பா அம்மாவுக்கு. ஓட்டுகிறவருக்கு நல்ல தூக்கம் வேண்டும் என்பது உங்கள் நியாயம். கெய்ர்ன்ஸிலிருந்து கேப் டிரிபுலேஷன் சுமார் 140 கிலோமீட்டர். அதற்கு மேல் வடக்கே நான்கு சக்கர இயக்க வாகனங்களுக்கான மண்பாதை, வாடகை வண்டியைக் கொண்டுபோக விட மாட்டார்கள். பத்து நாளில் நீங்கள் அப்படியொன்றும் கண்டத்தைக் கடக்கவில்லை. பெரியவர்களுக்குத்தான் பின்பக்கக் கட்டில். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. மடக்குமேஜையில் படுத்தவர் விடியும் முன் எழுந்து இடத்தை ஒழித்துத் தர வேண்டும். இரவில் கழிப்பறைக்குப் போனால் தண்ணீர் விடும் மோட்டார் சத்தத்தில் வண்டியே விழிக்கும். கூச்சத்துக்கு இதைவிடக் காவல் வேண்டுமா?

வெளியே பொதுக் கழிப்பறை இருந்ததே என்பீர்கள். முதல் நாள் இரவு, பிள்ளைகளை மிரட்ட, கரையோரம் இருந்த முதலை எச்சரிக்கைப் பலகையைக் காட்டி அரைமணி நேரம் கதை சொன்னீர்களாம். அதைப் பாட்டியும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். டெயின்ட்ரீயில் முதலை கதையில்லை என்பதால் அவர் பயந்ததும் தப்பில்லை. பிறகு நடுச்சாமத்தில், செல்பேசித் தொடர்பு அரிதான காட்டில், கைவிளக்கோடு தனியாக நடந்து போவாரா? பல கேரவன் பார்க்குகளில் அந்தக் கதவுகளுக்கு எண்பூட்டு உண்டு. எண்ணை அவரிடம் சொன்னீர்களா? உள்ளே காகிதம் மட்டும்தானே இருந்திருக்கும்? காபி ஃபில்டர், குக்கர், இட்லி மாவு, மாவடு என்று நீங்கள் ஏற்றிய சாமான்களுக்குப் பெருமையாக ஒரு பட்டியல் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் குவளை அதில் இல்லை.

உங்கள் அம்மா மீதும் எனக்கு வருத்தம் உண்டு. வாயைத் திறந்து "என்னால் முடியாது, பெட்டியைக் கழுவு" என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கலாம். ஆனால் அது அவருக்கு எழுத வேண்டிய கடிதம். அவர் எனக்கு எழுதவில்லை, நீங்கள்தான் எழுதினீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. மனைவியைத் தூது அனுப்பாதீர்கள். அம்மாவைக் கூட்டி வைத்து விசாரணையும் வேண்டாம். இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். தண்ணீரும் குடிக்காமல் அடக்கியும் வைத்தால் அந்த வயதில் தொற்று எளிதாக வரும், சமயத்தில் எரிச்சல்கூடத் தெரியாமல் சோர்வாகவும் பசியின்மையாகவும் மட்டும் இருக்கும். பார்வையாளர் விசாவில் வந்தவருக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவ உதவி கிடையாது. காப்பீடு தராவிட்டால் உங்கள் பையிலிருந்து கொடுங்கள். அம்மா இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவதாக மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. சிறுநீரைக் கூட்டும் வகை மாத்திரைகள் அவற்றில் உண்டு. வீட்டில் அந்த அட்டையை எடுத்து, பத்து நாளில் எத்தனை குறைந்திருக்க வேண்டும், எத்தனை குறைந்திருக்கிறது என்று எண்ணுங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அது பொய்யாகட்டும். பொய்யாகாவிட்டால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

பிறகு, வீட்டில் யாரும் இல்லாத ஒரு நேரத்தில், "அந்த விதி தப்பு, நான் போட்டிருக்கக்கூடாது" என்று சொல்லுங்கள். விளக்கம் எதுவும் சேர்க்க வேண்டாம். "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்பார். ஒன்றுமில்லை என்று நம்பிவிடாதீர்கள்.

டிக்கெட்டை மாற்றச் சொன்னால் மாற்றிக் கொடுங்கள், பிடித்து வைத்து அன்பைக் காட்ட வேண்டாம். அவர் மனம் மாறித் தங்கினால் தங்கட்டும். எப்போது திரும்பினாலும் விமானத்தில் சிங்கப்பூர் வரைக்குமே எட்டு மணி நேரம் ஆகும், அங்கிருந்து சென்னைக்கு இன்னும் நான்கு. அம்மாவுக்கு நடைபாதை ஓரத்து இருக்கையாக, கழிப்பறைக்கு அருகில் பார்த்துப் பதிவு செய்யுங்கள். அப்பாவை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். அவர் கால் நீட்ட வேண்டும் என்று சொல்வார், கேட்காதீர்கள்.