உரப் பணம், தேயிலை மானியம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பா பெயரில் ஒன்றரை ஏக்கர் வயல். அவர் இறந்து மூன்று வருடம், நான்தான் விதைக்கிறேன். பக்கத்து வயல்காரருக்கு உர மானியம் வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. ஏன்? (வெலிமடை)

பதில்: உங்கள் வயல் இன்னும் அப்பா பெயரிலேயே கமநல சேவை நிலையப் பதிவேட்டில் கிடக்கிறது. தடை அதுதான். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி வைக்கப்படும் அந்தப் பதிவேட்டில் பயிரிடுபவராக யார் பெயர் இருக்கிறதோ, பணம் அவருக்கே.

மரணச் சான்றிதழ், காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், உங்கள் அடையாள அட்டை, பாஸ் புத்தகத்தின் முதல் பக்கம், இவற்றின் பிரதிகளோடு போய்ப் பெயரை மாற்றக் கேளுங்கள். கூடப்பிறந்தவர்களின் சம்மதக் கடிதமும் இருந்தால் இழுபறி குறையும். விதைப்புக்கு முன்பே போவது நல்லது. அந்தப் போகத்தில் விதைத்த அளவைக் குறித்துப் பட்டியல் அனுப்பிய பிறகு போனால் அடுத்த போகம் வரை காத்திருக்க நேரும்.

பெயர் மாறியும் பணம் வராவிட்டால் வங்கிக் கணக்கைப் பாருங்கள். மலையகத்தில் அடையாள அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டலும் பாஸ் புத்தகத்தில் இன்னொன்றும் இருப்பது சாதாரணம். நீண்ட காலம் பாவிக்காமல் முடங்கிய கணக்குக்கும் பணம் போகாது. 2024/25 பெரும்போகத்தில் நெல்லுக்கு ஹெக்டேயருக்கு 15,000 ஆக இருந்த மானியம் 25,000 ரூபாயாக உயர்ந்தது. உச்ச வரம்பு 2 ஹெக்டேயர். ஒன்றரை ஏக்கர் என்பது 0.6 ஹெக்டேயர், அந்தக் கணக்கில் ஏறத்தாழ 15,000 ரூபாய். ஹெக்டேயருக்கான அந்த 25,000 ரூபாய் 15,000, 10,000 என இரு தவணையாகப் பிரிந்ததால், உங்களுக்கு முதலில் 9,000 அளவில் வந்திருந்தால் அது குறைப்பு அல்ல.

கேள்வி: அரை ஏக்கர் பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மீள்நடுகை மானியத்துக்கு எழுதலாமா? (ஹப்புத்தளை)

பதில்: தயவுசெய்து ஒரு செடியையும் பிடுங்காதீர்கள். தேயிலை சிறுபற்று நில அபிவிருத்தி அதிகார சபையின் பரிசோதகர் பழைய தேயிலையை நேரில் பார்த்து அனுமதி தர வேண்டும். வெறுங்காணியைக் காட்டினால் அங்கே தேயிலை இருந்ததற்கு என்ன அத்தாட்சி?

பணமும் ஒரேயடியாக வராது. ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்த பிறகே தவணை விடுவார்கள். செடி பிடுங்கி, கான் வெட்டி, மானா புல் அல்லது கௌத்தமாலா புல் நட்டு, 18 முதல் 24 மாதம் மண்ணை ஆற விட வேண்டும். புல்லை அவ்வப்போது வெட்டி அங்கேயே மூடாக்காகப் போடுங்கள். பலர் அவசரப்பட்டுக் குறைப்பது இந்தக் காலத்தைத்தான். ஒரு வருடத்தில் புல்லை எடுத்துவிட்டுக் கன்று நட்டால் வேரைத் தின்னும் வட்டப்புழு மண்ணிலேயே இருக்கும், இளங்கன்று மஞ்சளாகி நின்றுவிடும், அடுத்த தவணையும் நின்றுவிடும்.

நடும்போது 4 அடிக்கு 2 அடி இடைவெளி, குழி 18 அங்குல ஆழம். அரை ஏக்கருக்கு ஏறத்தாழ 2,700 கன்று. செத்த இடத்தில் நட இன்னும் 300. பதிவு பெற்ற நாற்றுமேடையில் வாங்கி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: உருளைக்கிழங்குக்குக் காப்புறுதி உண்டா? (நுவரெலியா)

பதில்: உண்டு. அரசின் காப்புறுதியில் நெல், சோளம், உருளைக்கிழங்கு, சோயா, பெரிய வெங்காயம், மிளகாய் ஆகிய ஆறும் அடங்கும். வெள்ளம் புகுந்தால் பாத்தியைக் கிளறாமல் முதலில் கமநல சேவை நிலையத்துக்கு அறிவியுங்கள். சேதத்தைக் கண்ணால் பார்த்தால்தான் அவர்கள் எழுத முடியும்.