கடவுள் உண்டா, மதம் எதற்கு? சில கேள்விகள், சில பதில்கள்

கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கடவுளைப் பற்றியும் மதத்தைப் பற்றியும் கேட்கலாம் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். என்னைத் திட்டி வந்தவற்றிலும் ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்.

மதுரை, கல்லூரி மாணவர்: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் ஐயா. கடவுள் உண்டா, இல்லையா?

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இது என்னைப் பற்றிய தகவலே தவிர, உங்கள் கேள்விக்கு விடையாகாது. எந்தக் கடவுள் என்று சொன்னால் பேசலாம். வேண்டினால் மழை தருகிற, தேர்வில் தேறவைக்கிற கடவுள் என்றால், மழையையும் மதிப்பெண்ணையும் கணக்குப் பார்த்துச் சோதிக்கலாம். குணமும் குறியும் அற்ற பரம்பொருள் என்றால் சோதிக்க வழியே இல்லை. ஒருவர் முன்னதைத் தாக்க, மற்றவர் பின்னதைக் காப்பாற்ற, இருவரும் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். பட்டிமன்றங்களில் பாதி இப்படித்தான் முடிகிறது.

கோவை, மென்பொருள் துறை: ஒரு கைக்கடிகாரமே தானாக உருவாகாது. இவ்வளவு பெரிய உலகம் மட்டும் படைத்தவன் இல்லாமல் வந்ததா, சார்?

நம் முன்னோர்களுக்கு இந்த வாதத்தைச் சொல்லக் கடிகாரம் தேவைப்படவில்லை. குடமும் குயவனும் போதுமாக இருந்தன. குடம் ஒரு காரியம், அதாவது ஆக்கப்பட்ட பொருள்; அதைச் செய்ய ஒரு குயவன் இருக்கிறான். உலகமும் காரியம், ஆகவே அதற்கும் ஒரு கர்த்தா இருக்க வேண்டும் என்றார்கள் தர்க்கத்தைப் பெரிதாகக் கொண்ட நியாய மரபினர். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உதயனர் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். 13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்தி மெய்கண்டாரின் முதல் சூத்திரமும் இதே தடத்தில்தான் போகிறது: உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது, ஆகவே அதை ஒடுக்கி மீண்டும் தோற்றுவிப்பவன் ஒருவன் உண்டு.

பௌத்தர்களும் சமணர்களும் இதைச் சும்மா விடவில்லை. குயவனுக்குக் கையும் காலும் உண்டு, உங்கள் கர்த்தாவுக்கு உண்டா? ஒரு தேரைப் பல தச்சர்கள் சேர்ந்து செய்கிறார்கள். உலகைச் செய்தவர் ஒருவர்தான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? குடம் வனையப்படுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். உலகம் வனையப்பட்டபோது பக்கத்தில் நின்று பார்த்தவர் யார்? 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் டேவிட் ஹ்யூம் எழுப்பிய கேள்விகளில் பல இங்கே முன்பே கேட்கப்பட்டவை.

இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ராமானுஜர். ஸ்ரீரங்கத்துக் கோயில் நிர்வாகத்தையே ஒழுங்குபடுத்தியவர், நாராயணனைத் தவிர வேறு நினைப்பு இல்லாதவர். அவர்தான் பிரம்மசூத்திரத்துக்கு எழுதிய தமது பாஷ்யத்தில் இந்தக் குடம்-குயவன் அனுமானத்தை, அதாவது கண்டதை வைத்துக் காணாததை முடிவு செய்கிற வாதத்தை, பிரித்து மேய்கிறார். மண்ணும் மலையும் கடலும் ஒரே சமயத்தில் ஒருவராலேயே செய்யப்பட்டன என்பதற்கு என்ன பிரமாணம் என்று கேட்கிறார். ஈசுவரனை அறியச் சாஸ்திரம் ஒன்றே வழி, அனுமானத்தால் அங்கே போய்ச் சேர முடியாது என்பது அவர் தீர்ப்பு. கடிகாரத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போயிருந்தால், என்னிடம் வாங்குவதைவிட அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பியிருப்பீர்கள்.

உயிர்களின் நேர்த்தியான அமைப்பு எப்படி வந்தது என்பதற்கு 1859-இல் டார்வின் வேறு விளக்கம் தந்துவிட்டார். மிஞ்சுவது ஒன்றுதான்: எதுவுமே இல்லாமல் இருந்திருக்கலாமே, ஏன் ஏதோ இருக்கிறது? இது நல்ல கேள்வி. இதற்கு என்னிடம் விடை இல்லை. விடை தெரியாத இடத்தில் 'கடவுள்' என்று எழுதிவைத்தால் விடை கிடைத்துவிட்டதாக ஆகுமா என்பதில்தான் நாம் இருவரும் பிரிகிறோம்.

சென்னை: நாத்திகம் மேல்நாட்டிலிருந்து பெரியார் இறக்குமதி செய்த சரக்குதானே?

பெரியார் 'கடவுள் இல்லை, இல்லை, இல்லவே இல்லை' என்று முழங்கியது 1967-இல், திருவாரூருக்குப் பக்கத்தில் விடயபுரத்தில். மணிமேகலைக் காப்பியம் அதற்கு ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் முந்தையது. அதில் மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். கடைசியில் வருபவர் பூதவாதி. கண்ணால் கண்டதே உண்மை, அனுமானம் பொய், இந்தப் பிறவியோடு எல்லாம் முடிந்தது என்கிறார். அவள் சிரித்துவிட்டு, உன் தாய் தந்தையரை நீ அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். என் வகுப்பில் இந்தக் கட்டம் வரும்போது கடைசி பெஞ்சும் விழித்துக்கொள்ளும். பூதவாதியை மட்டம் தட்டத்தான் கவிஞர் அவரை அழைத்து வந்தார். ஆனால் மட்டம் தட்டுவதற்காகவாவது அழைக்க வேண்டிய அளவுக்கு அந்தக் கட்சி இங்கே உயிரோடு இருந்திருக்கிறது. சைவ சித்தாந்தத்தின் அருணந்தி சிவாசாரியாரும் பிற மதங்களை மறுக்கத் தொடங்கும்போது முதலில் கை வைப்பது, கண்ணால் காணும் உலகமே எல்லாம் என்ற உலகாயதத்தின் மீதுதான்.

வேதத்தை உயிராகப் போற்றிய மீமாம்சகர்களே உலகைப் படைத்தவன் என்று ஒருவன் தேவையில்லை என்றார்கள். சமணத்திலும் படைப்புக் கடவுள் கிடையாது.

இறக்குமதி என்று நீங்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. 1882-இல் சென்னையில் 'தத்துவ விவேசினி' என்ற நாத்திக இதழ் தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர்களுக்கு இங்கிலாந்து நாத்திகர் சார்லஸ் பிராட்லா பெரிய ஆதர்சம். அப்போது பெரியாருக்கு வயது மூன்று.

நாகப்பட்டினம்: 2004 சுனாமியில் என் தங்கையும் அவள் குழந்தையும் போய்விட்டார்கள். வேளாங்கண்ணிக்கு வேண்டுதலோடு வந்தவர்களைக்கூடக் கடல் கொண்டுபோனது. பார்த்துக்கொண்டு இருந்தவர் யார் ஐயா?

அம்மா, இதற்குச் சமாதானம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இதே கேள்வியைக் கேட்டவர்களை மட்டும் காட்டுகிறேன்.

1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள். போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்துத் தேவாலயங்கள் நிரம்பியிருந்த காலை வேளையில் பூமி அதிர்ந்தது. பிறகு கடல் ஏறி வந்தது, பிறகு தீ. 'இருக்கக்கூடிய உலகங்களில் இதுவே சிறந்தது' என்று லைப்னிட்ஸ் வழியில் பேசிக்கொண்டிருந்த தத்துவவாதிகள் மீது அன்று பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேருக்கு வந்த கோபம் கடைசிவரை தணியவில்லை.

அதற்கு வெகுகாலம் முன்பே நம் புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் இதைச் சொல்லிவிட்டார். ஒரு வீட்டில் சாப்பறை, பக்கத்து வீட்டில் மணமுழவு. ஒருத்தி பூச்சூடி நிற்கிறாள், இன்னொருத்தி கண்ணீர் வழிய நிற்கிறாள். இப்படிப் படைத்தவனை அவர் 'பண்பிலாளன்' என்கிறார். வேறு பேச்சே இல்லை. பிச்சை எடுத்துத்தான் ஒருவன் வாழ வேண்டும் என்றால் உலகைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்று வள்ளுவரும் சபித்தார். இவர்கள் இருவரையும் நாத்திகர் என்று நான் சொல்லவில்லை. கோபப்பட்டார்கள். உங்களுக்கும் அந்த உரிமை உண்டு.

முற்பிறவி வினை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஏட்டில் அது கணக்கை நேர் செய்துவிடும். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அதைச் சொல்வது, போனவர்கள் மீதே பழியைப் போடுவது. அதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. அந்த வாரம் நாகூர் தர்கா மதம் பார்க்காமல் உடல்களை அடக்கம் செய்ய இடம் கொடுத்தது என்பது உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மதத்தைப் பற்றி நான் கடுமையாகப் பேசும்போதெல்லாம் அதுவும் நினைவுக்கு வந்து நிற்கிறது.

திருச்சி, வங்கி ஊழியர்: மதத்துக்குக் காரணம் பயம்தானே?

பாதிதான். முதல் உலகப் போர்க் காலத்தில் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி பசிபிக் கடலில் உள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்தார். அங்கே காயலில் மீன் பிடிக்கிறவர்கள் எந்தச் சடங்கும் செய்யவில்லை. ஆபத்து இல்லை, மீன் நிச்சயம். அதே ஆட்கள் ஆழ்கடலுக்குப் போகும்போது மந்திரம், சடங்கு, விலக்கு எல்லாம் வந்துவிடுகின்றன. படகு கட்டத் தெரியாதவர்கள் அல்லர், மிகத் திறமையானவர்கள். அந்தத் திறமை எட்டாத இடத்துக்குத்தான் மந்திரம்.

நம் இஸ்ரோ விஞ்ஞானிகள் ராக்கெட்டின் சிறு மாதிரியோடு திருப்பதிக்கும் சூலூர்ப்பேட்டை செங்காளம்மனிடமும் போவதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. கணக்குப் போடாமல் அவர்கள் சாமி கும்பிடவில்லை. எல்லாக் கணக்கையும் போட்டு முடித்த பிறகு மிஞ்சுகிற நடுக்கத்தை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் மதம் மக்களுக்கு அபின் என்ற மார்க்ஸின் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். 1844-இல் அச்சான அந்தக் கட்டுரையில் அதற்கு முந்தைய வாக்கியம், மதம் ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு, இதயமற்ற உலகத்தின் இதயம் என்கிறது. மேடையில் அதையும் சேர்த்துச் சொன்னால் கைதட்டல் குறைந்துவிடும் போலிருக்கிறது.

பயத்துக்கு வெளியே இருக்கும் மறுபாதி, கூட்டம். ஊர்த் திருவிழாவில் தலைக்கட்டு வரி வாங்குகிறார்களே, அது சாமிக்கு மட்டும் வாங்குகிற காசில்லை. யாரிடம் வாங்கினார்களோ அவர் ஊர்க்காரர். யாரிடம் வாங்க மறுத்தார்களோ அவர் வெளியே. தேர் வடத்தை யார் தொடலாம் என்ற தகராறில் சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியில் தேரே பல ஆண்டுகள் ஓடாமல் நின்றது. அங்கே கடவுள் உண்டா என்று யாரும் சண்டை போடவில்லை.

விழுப்புரம், ஆசிரியை: அப்படியானால் மதம் மாறுகிறவர்கள் எதைத் தேடிப் போகிறார்கள்?

மேலே சொன்ன வடத்திலிருந்தே தொடருங்கள். 1981-இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போயின. டெல்லிவரை பரபரப்பு. பணம் கொடுத்தார்கள் என்றார்கள், சதி என்றார்கள். போனவர்கள் சொன்ன காரணம் சாதிக் கொடுமை. பக்கத்தில் உட்கார இடம் கிடைக்குமா என்பதைவிடப் பெரிய இறையியல் கேள்வி அவர்களுக்கு அன்று இல்லை.

அம்பேத்கரைப் பாருங்கள். இந்துவாகச் சாக மாட்டேன் என்று 1935-இல் இயோலாவில் அறிவித்தார். அதற்குப் பிறகு இருபத்தொரு ஆண்டுகள் ஒவ்வொரு மதமாக எடைபோட்டு, 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். அன்று எடுத்த 22 உறுதிமொழிகளில் முதலாவதே பிரம்மா, விஷ்ணு, மகேசுவரனை நம்ப மாட்டேன், வழிபட மாட்டேன் என்பது. இந்தியாவில் இவ்வளவு யோசித்து எடுக்கப்பட்ட மதமாற்றம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. அது போய்ச் சேர்ந்ததோ படைப்புக் கடவுளே இல்லாத ஒரு மதத்தில். கடவுள் உண்டா என்பதும் மதம் எதற்கு என்பதும் வேறு வேறு கேள்விகள் என்று நான் ஓயாமல் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

வேலூர், மருத்துவ மாணவர்: பிரார்த்தனை நோயைக் குணப்படுத்துமா? ஆராய்ச்சி உண்டா?

உண்டு. அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு வந்த 1802 பேரை மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. முன்பின் தெரியாதவர்கள் வேண்டிக்கொண்ட பிரிவுக்கும் வேண்டாத பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டிலும் பாதிப்பேருக்குச் சற்று மேல் சிக்கல் வந்தது. 'உங்களுக்காக வேண்டுகிறோம்' என்று முன்கூட்டியே சொல்லிவைத்த பிரிவில் சிக்கல் 59 சதவீதம். பிரார்த்தனைக் கூட்டம் வைக்கிற அளவுக்கு நம் நிலைமை மோசமோ என்று அவர்கள் பயந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். நோயாளியின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுப்பது வேறு சங்கதி. அதை இந்த ஆய்வு அளக்கவில்லை.

பெயர், ஊர் சொல்லாதவர்: மூளை உள்ளவன் எவனும் கடவுளை நம்ப மாட்டான். நீர் வழவழா கொழகொழா என்று பேசுகிறீர்.

கணிதமேதை ராமானுஜன் தமது சூத்திரங்களை நாமக்கல் நாமகிரித் தாயார் அருளியதாகச் சொன்னார். அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டி கறாரான நாத்திகர். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரைகளில் எந்த வரி ஆத்திகருடையது, எந்த வரி நாத்திகருடையது என்று உங்கள் மூளையைக் கொண்டு பிரித்துக் காட்டுங்கள்.

சேலம், வியாபாரி: நம்பிவைத்தால் என்ன நஷ்டம்? இருந்தால் லாபம், இல்லாவிட்டால் ஒன்றும் போகவில்லை.

17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பாஸ்கல் போட்ட கணக்கு இது. எந்தக் கடவுள் மீது பணம் கட்டுவது என்று அதில் இல்லை. ஒருவரைக் கும்பிட்டால் கோபித்துக்கொள்கிற இன்னொருவர் இருந்தால்? தவிர, லாபநஷ்டம் பார்த்து வந்தவனை எல்லாம் அறிந்தவர் கண்டுபிடிக்க மாட்டாரா?

தஞ்சாவூர்: என் மகளுக்கு ஏழு வயது. நான் நம்பாதவள், கணவர் தினமும் விளக்கேற்றுபவர். 'சாமி இருக்கிறாரா அம்மா?' என்று கேட்கிறாள். என்ன சொல்ல?

உள்ளதைச் சொல்லுங்கள்: அப்பா இருக்கிறார் என்று நினைக்கிறார், அம்மாவுக்கு அப்படித் தோன்றவில்லை. ஏழு வயதுக்கு இது புரியும். வீட்டில் இரண்டு அபிப்பிராயம் இருக்கலாம் என்பதும் அவளுக்குத் தெரியட்டும். பாட்டி புராணக் கதை சொன்னால் குறுக்கே போகாதீர்கள், நல்ல கதைகள். 'சாமி கண்ணைக் குத்தும்' என்று மட்டும் யாரையும் சொல்லவிடாதீர்கள். பொய் சொல்லக் கூடாது என்றால் ஏன் கூடாது என்று விளக்குகிற சிரமத்தைப் பெரியவர்கள்தான் பட வேண்டும். அதைச் சாமி தலையில் கட்டக் கூடாது. வளர்ந்த பிறகு அவள் உங்கள் பக்கம் வரலாம், அப்பா பக்கம் போகலாம், உங்கள் இருவருக்கும் பிடிக்காத மூன்றாவது பக்கமும் போகலாம். அப்படிப் போனால் முகம் திருப்பிக்கொள்வதில்லை என்று இப்போதே கணவரோடு உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளுங்கள்.